ஆண் சிரட்டையில் ஒரு புளியங்கொட்டை

வாவிக்கரைப் பள்ளிக்கூட முகாமில் என்னோடு இருந்தவர்கள் இதை வாசித்தால் முதலில் சிரிப்பார்கள். "இவளா? விடுப்புக்காரியெல்லா!" என்பார்கள். ஓம், அவளேதான். எந்த வகுப்பறையில் யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை, யாருடைய சட்டிக்குள் கருவாடு வேகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரிந்த பிறகுதான் முகாமுக்குத் தெரியவரும். இப்போது நமக்கெல்லாம் காதோரம் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. விடுப்பு, அந்த ஊர்ப்புதினம் அறிகிற ஆசை, மட்டும் என்னை விட்டபாடில்லை. அந்த முகாமில் தொடங்கிய ஒரு கேள்விக்குப் போன வருடம்தான் எனக்கு விடை கிடைத்தது. அது உங்களுக்கும் சேரவேண்டிய விடை என்பதால் எழுதுகிறேன்.

முகாம் என்றால் உங்களுக்கு எது முதலில் வருகிறது? எனக்குத் தறப்பாளின் வாசனை. மறைப்புக்குக் கட்டி வெயிலில் காய்ந்த நீலப் பிளாஸ்டிக் தறப்பாளும், அண்டாவில் கொதிக்கிற பருப்பும், கிணற்றுக்குப் போட்ட குளோரினும் சேர்ந்த ஒரு மணம். எங்களுக்கு ஐந்தாம் வகுப்பு அறையில் ஒரு மூலை. கரும்பலகையில், சுனாமியாகக் கடல் ஊருக்குள் வருவதற்கு முன் யாரோ ஒரு வாத்தியார் எழுதிய கணக்கு அப்படியே இருந்தது. அதை அழிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டில் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியது. அம்மாவின் வெற்றிலை வட்டா ஒரு தாழம்பற்றைக்குள் கவிழ்ந்து கிடந்ததை அப்பா கண்டெடுத்து வந்தார். அதைப் பார்த்துத்தான் அம்மா முதன்முதலாக அழுதார். எங்கள் வீடு என்கிறேன், சரியாகச் சொன்னால் அம்மாவின் வீடு. எங்கள் பக்கத்து வழக்கம் அது. வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண் கல்யாணம் முடித்துப் பெண்ணின் வீட்டுக்கு வருவான். வாவியில் வலை வீசுகிற என் அப்பா, கோபம் வந்தால்கூட "என்ர வீடு" என்று சொல்லமாட்டார். "இவவின்ர வீட்டில நான் சும்மா இரிக்கிற ஆள்" என்று பகிடியாகச் சொல்வார். அடுத்து அந்த வீடு அக்காவுக்கு. கடல் வருவதற்கு முந்திய ஆவணியிலேயே அக்காவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள்.

இனி இந்தியாக்காரம்மாவுக்கு வருகிறேன்.

எண்பதை நெருங்கிய மனுஷி. முரட்டுக் கதர்ச்சீலை, வெள்ளை. நெற்றியில் ஒன்றுமில்லை. பக்கத்தில் எப்போதும் ஒரு தகரப் பெட்டி. தமிழ்நாட்டில் மதுரைப் பக்கத்தில் பிறந்து, சென்னைக்குப் படிக்கப் போன எங்கள் ஊர் வாத்தியார் ஒருவரைக் கல்யாணம் முடித்து இங்கே வந்தவர். வாத்தியார் கடலுக்கு முன்பே காலமாகிவிட்டார். இரண்டு பேரும் கடைசிவரை வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். ஊர் அதை மறக்கவில்லை. வீடில்லாத பெண்ணை முடித்த வாத்தியார் என்று ஒரு இளக்காரம் அவர் பின்னால் திரிந்தது.

அடுத்த வகுப்பறையில் கடைக்கார மாமி இருந்தார். ஊரில் சில்லறைக்கடை வைத்திருந்தவர், கடையும் கடலோடு போயிற்று. இந்தியாக்காரம்மா எதிரே வந்தால் மாமி முகத்தைத் திருப்பிக்கொள்வார். "முழுவியளத்துக்கு ஆகாது, போற காரியம் சரிவராது" என்பார். "புருசன் உயிரோட இரிக்கக்குள்ளயே வெள்ளை உடுத்தவகா இவ. மனிசன் எப்படி நிலைப்பார்?" அந்த வெள்ளை கதரின் வெள்ளை, பதினாறு வயதிலிருந்து உடுத்துகிற வெள்ளை என்பது மாமிக்குத் தெரியாது. எங்கள் கண்ணுக்கு வெள்ளைக்கு ஒரே அர்த்தம்தான்.

சிறுவர்களான எங்களுக்கோ அதைவிடப் பெரிய செய்தி ஒன்று கிடைத்திருந்தது. இந்தியாக்காரம்மா ஜெயிலில் இருந்தவராம். யாரைக் கொன்றார் என்பதில் எங்களுக்குள் இரண்டு கட்சி. ஒரு நாள் அவர் முறத்தில் பருப்புக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது நான் போய்க் குந்தினேன்.

"அம்மா, நீங்க ஆரைக் கொலை செஞ்ச நீங்க?"

முறம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "ஒருத்தரையும் கொல்லலடி. கொடியைத் தூக்கிக்கிட்டுத் தெருவில நடந்தேன். வெள்ளைக்காரன் புடிச்சு வேலூர் ஜெயில்ல போட்டுட்டான். ஓம், அவ்வளவுதான்."

அவருடைய பேச்சில் மதுரையும் மட்டக்களப்பும் ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டே நடக்கும். கொடி தூக்கியதற்கா ஜெயில் என்று நான் கேட்கவில்லை. கொடி, சோதனைச் சாவடி, பிடித்துக்கொண்டு போவது எல்லாம் எங்களுக்குத் தெரியாத விஷயமா? ஜெயிலில் என்ன சாப்பாடு என்றுதான் கேட்டேன். "புழுத்த களி. இந்தப் பருப்பு எவ்வளவோ தேவலை" என்றார்.

அன்றிலிருந்து நான் அவருடைய முறத்தை விடவில்லை. கதை துண்டு துண்டாகத்தான் வரும். நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததும் அவர் தேர்தலில் நின்றாராம். மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்டாராம். அந்தத் தேர்தலில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைப்பார்களாம், எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துப் போடலாம். வென்று சென்னைச் சட்டசபைக்குப் போனார். போன கையோடு, தகப்பன் சொத்தில் மகளுக்கும் பங்கு வேண்டும் என்று எழுந்து பேசினார்.

"எங்க கட்சிப் பெரியவங்களே பதறிட்டாங்க. 'ரோடு கேளும்மா, பாலம் கேளும்மா, இதெல்லாம் எதுக்கு'ன்னாங்க. நான் உக்காரல. அடுத்த தேர்தலுக்கு எனக்கு இடமில்லை."

"உங்கட அப்பா உங்களுக்குப் பங்கு தந்தவரா?"

"கொடி தூக்கின அன்னிக்கே வாசல்படி ஏறாதேன்னுட்டார். வயலும் வீடும் அண்ணன்மாருக்கு." கொஞ்ச நேரம் கல்லைத் தேடினார். "கல்யாணம் முடிச்சு இங்க வந்து பாக்குறேன், நான் தொண்டை கிழியக் கேட்டதை உங்க அம்மாமார் கேளாமலே வச்சிருக்காங்க! எனக்கு வந்த பொறாமை இருக்கே!"

அந்தப் பெட்டிக்குள் தங்கம் இருப்பதாக எங்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஒரு நாள் அவர் அதைத் திறந்து வெயிலில் கவிழ்த்தார். கடல்சேறு, இரண்டு சீலை, நூல் நூற்கிற துருப்பிடித்த ஒரு தக்ளி. எங்கள் ஏமாற்றத்தைச் சொல்லி முடியாது. கழுவிக் காய்ந்த பிறகு அந்தப் பெட்டி வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. அதைச் சொல்வதற்கு முன், நம்முடைய தாய்மார் செய்த ஒரு பிழையைச் சொல்லவேண்டும்.

முகாமில் எல்லாவற்றுக்கும் வரிசை. அரிசிக்கு, வாளிக்கு, பாய்க்கு, சவர்க்காரத்துக்கு. சொந்த வீட்டில் நாலு பேருக்குச் சோறு போட்டுப் பழகிய பெண்களுக்கு வாளியோடு நிற்பது மானக்கேடாக இருந்தது. ஆகவே புருஷன்மாரை அனுப்பினார்கள். "நீங்க போய் நில்லுங்க, எனக்கு ஏலா" என்று அம்மா அப்பாவைத் தள்ளிவிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அங்கே கேட்பார்கள், "குடும்பத் தலைவர் ஆர்?" வரிசையில் நிற்கிறவர் கையை உயர்த்துவார், அவருடைய பெயரைப் பதிவார்கள். அரிசிக்குப் பதிந்த பெயர்தானே என்று எல்லோரும் இருந்தார்கள்.

மாதங்கள் போயின. கடலோரத்தில் இனிக் கட்ட முடியாது, உள்ளே வாவிப் பக்கமாகக் காணி ஒதுக்கி வீடு கட்டித் தருகிறோம் என்று வீட்டுத்திட்டத்து ஐயா வந்து கூட்டம் போட்டார். நல்ல மனிதர், வெளியூர்க்காரர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருப்பார். வீடும் காணியும் யார் யார் பெயரில் என்று வாசித்தார். அவ்வளவும் ஆண்கள். அரிசிக்குப் பதிந்த அதே பெயர்கள்.

அம்மா எழும்பி, "என்ர பேரைக் காணல்லியே ஐயா" என்றார்.

"உங்கட கணவரின்ர பேர் இரிக்குதானே. குடும்பத் தலைவரின்ர பேரிலதான் வீடு."

"வீடு என்ரயெல்லா. கடல் கொண்டுபோனது என்ர வீடு."

ஐயாவுக்கு அம்மா சொல்வது விளங்கவே இல்லை. அன்று பின்னேரமே மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. வீடு பொம்பிளைக்கு வருமா, தகப்பன் பெயரில் நிற்குமா என்று தெரிந்தால் நாள் பார்க்கலாம் என்றார்கள். அக்கா தறப்பாளுக்குப் பின்னால் போய் இருந்துகொண்டாள். அம்மா சோறு தின்னவில்லை.

ஆண்களுக்குள்ளும் ஒரு பேச்சு ஓடியது. வீடு தங்கள் பெயரில் இருந்தால் வங்கியில் கடன் எடுக்கலாம் என்று. அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு ஒருதரம் வாய்விட்டே சொன்னார். "ஒரு எஞ்சின் தோணி இரிந்தா, இந்தத் துடுப்பு வலிக்கிற பாடு இல்லை." அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அப்போதுதான் இந்தியாக்காரம்மா தகரப் பெட்டியின் மேல் ஏறினார். கூட்டம் பேசத் தொடங்கினார் என்றால் நீளமாகத்தான் பேசுவார், அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சுதந்திரத்தில் தொடங்கிச் சட்டசபைக்கு வருவதற்குள் தண்ணீர் பவுசர் வண்டி வந்துவிட்டது. முகாமே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பெட்டியின் மேல் அவரும், கீழே நானும். என்னைப் பார்த்து மிச்சப் பேச்சையும் பேசி முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

அதன் பிறகு மேடையை விட்டுவிட்டு வீடு வீடாக, அதாவது மூலை மூலையாகப் போனார். நான் பின்னாலேயே. மனைவிமாரிடம் போவார் என்று நினைத்தேன். அவரோ புருஷன்மாரின் தாய்மாரிடமும் சகோதரிமாரிடமும் போனார். "உன் மகன் பேருக்கு வீடு வருது, சந்தோஷம். உன் மகளுக்கு? மூணு பொண்ணு வச்சிருக்கியே, வீடில்லாம எவன் வருவான்?" என்பார். அந்தக் கிழவிமார் வெற்றிலையைத் துப்பிவிட்டு மகன்மாரைக் கூப்பிட்டனுப்புவார்கள். மதுரைத் தேர்தலில் படித்த பாடமாக்கும்.

கடைக்கார மாமி மட்டும் மசியவில்லை. "கிழவி தனக்கொரு வீடு எடுக்கத்தான் இந்த ஆட்டம் ஆடுறா" என்று கிணற்றடியில் உரக்கவே சொன்னார். ஆம்பிளையின் மானம் போய்விடும் என்றும் சொன்னார். பலர் தலையாட்டினார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் தொற்றிக்கொண்டது. இந்த வயதில் ஒருவர் இப்படி ஓடித் திரிந்தால் அதில் ஏதோ ஒன்று அவருக்கும் இருக்கத்தானே வேண்டும்?

அடுத்த முறை ஐயா வந்தபோது எல்லோரும் சூழ்ந்து கத்தினார்கள். அவர் களைத்துப்போய், "எனக்கு ஒரு குடும்பத்துக்கு ஒரு பேர் போதும். ஆர் தலைவர் எண்டு நீங்களே முடிவெடுத்துச் சொல்லுங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"ஐயா சொன்னதை எல்லாரும் கேட்டீங்கதானே?" என்றார் இந்தியாக்காரம்மா. "அப்ப ஓட்டெடுப்பு வச்சிருவோம்."

அப்படித்தான் உலகத்தில் எங்கும் நடக்காத ஒரு தேர்தல் நம் ஐந்தாம் வகுப்பில் நடந்தது. கரும்பலகையைத் திருப்பி மறைப்பாக வைத்தார்கள். பின்னால் வாங்குப் பலகையில் இரண்டு தேங்காய்ச் சிரட்டை. சாந்துப் பொட்டு வைத்தது பெண் சிரட்டை, திருநீறு பூசியது ஆண் சிரட்டை. குடும்பம் குடும்பமாக வந்து, பெரியவர்கள் ஆளுக்கொரு புளியங்கொட்டையைத் தனித்தனியாகப் போய்ப் போடவேண்டும். யார் எதில் போட்டார் என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. இரகசிய வாக்கு என்று இந்தியாக்காரம்மா மூன்று தரம் சொன்னார். எனக்கும் ஒரு கொட்டை தாருங்கள் என்று சீலையைப் பிடித்து இழுத்தேன். "பதினெட்டு ஆகட்டும், வாடி" என்று தள்ளிவிட்டார்.

எண்ணுகிற வேலையை அவர் கடைக்கார மாமியிடம் கொடுத்தார். மாமியே திகைத்துவிட்டார். ஏன் அவரிடம் என்று பிறகு கேட்டேன். "அவ எண்ணினா யாரும் குத்தம் சொல்லமாட்டாங்கல்ல? நான் எண்ணினா அவதானே முதல்ல சொல்லுவா" என்றார்.

குடும்பங்கள் வந்தன, போயின. பெரும்பாலும் பெண் சிரட்டையே வென்றது. மாமியின் குடும்பத்திலும் அதுவே வென்றது. மாமி மூக்கைச் சிந்திக்கொண்டு அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டார். எங்கள் முறை வந்தது. அப்பா போனார், அம்மா போனார், பதினெட்டு முடிந்திருந்த அக்கா போனாள். மாமி சிரட்டைகளைக் கவிழ்த்தார். பெண் சிரட்டையில் இரண்டு. ஆண் சிரட்டையில் ஒன்று.

வீடு அம்மாவுக்கு. அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்கோ அந்த ஒன்றுதான் கண்ணுக்குள் நின்றது. அதை யார் போட்டது?

உங்களில் சிலரும் என்னோடு சேர்ந்து துப்புத் துலக்கினீர்கள். அக்காவைப் பிடித்தோம். "களுதாவளைப் பிள்ளையார் ஆணை, நான் அம்மாக்குத்தான் போட்டன்" என்றாள். கல்யாணம் அதில் தொங்கிக்கொண்டிருந்தது, அவள் வேறெதில் போடுவாள்? அம்மாவை யாரும் கேட்கவே இல்லை. தன் வீட்டுக்குத் தானே எதிராக யார் போடுவார்? ஆகவே அப்பாதான். எஞ்சின் தோணி ஆசைதான். "அப்பாக்கு வீட்டு ஆசை" என்று அக்கா கேலி செய்தாள், நான் செய்தேன், பிறகு வந்த அத்தானும் செய்தார். அப்பா மறுக்கவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சிரிப்பார். இந்தியாக்காரம்மாவிடம் கேட்டபோது மட்டும் அடி விழுந்தது. "அதைக் கேக்கிறதுக்கா நான் ஜெயிலுக்குப் போனேன்?" என்றார்.

வீடு கையளித்த நாளில் பந்தல், வாழை, ஒலிபெருக்கி எல்லாம் இருந்தன. சிரட்டை முடிவு செய்த பெயர்களை ஐயா வாசிக்க, பெண்கள் போய்ச் சாவி வாங்கினார்கள். எல்லோரும் வாங்கி முடிந்த பிறகுதான் இந்தியாக்காரம்மா பின்வரிசையில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பதை அம்மா கண்டார். சொந்த வீட்டை இழந்தவர்களுக்குத்தான் திட்டத்தில் வீடு. வாடகைக்கு இருந்தவர்களுக்கு இல்லை. முதல் கூட்டத்திலேயே ஐயா அதைச் சொல்லியிருந்தார். இந்தியாக்காரம்மாவுக்கு அது தெரியும். நமக்குத்தான் காதில் ஏறவில்லை.

அவருக்கு அதில் என்ன இருந்தது என்ற கேள்விக்கு விடை ஒன்றுமில்லை என்பதுதான். கடைக்கார மாமி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அம்மா போய் அந்தத் தகரப் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். "என்னட்ட ஒரு சொல் கேட்டியா?" என்றார் அப்பா, சும்மா வம்புக்கு. "வீடு ஆரின்ர பேரில?" என்றார் அம்மா. அப்பா வாய்விட்டுச் சிரித்து, பெட்டியை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

அக்காவின் கல்யாணம் அந்தப் புது வீட்டில்தான் நடந்தது. அடுத்த வருடம் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், சண்டை மூண்டு ஷெல் விழத் தொடங்கி, கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனங்கள் மாட்டையும் மூட்டையையும் இழுத்துக்கொண்டு வாவியைக் கடந்து வந்தார்கள். இந்தியாக்காரம்மா தடியை ஊன்றிக்கொண்டு வீடு வீடாகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குடும்பத்தை ஏற்றிவிட்டார். நம் வீடுகளில் அடுப்பு அணையவே இல்லை. அதுதான் அவருடைய கடைசித் தேர்தல் வேலை என்று அப்பா சொல்வார்.

சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன மாதத்தில் அவர் எங்கள் வீட்டில் கண்ணை மூடினார். டவுன் பக்கமிருந்து பட்டாசுச் சத்தம் கேட்டது. நம் குடியிருப்பில் ஒருவரும் வெளியே வரவில்லை, யார் யாருடைய பிள்ளை எங்கே கிடக்கிறதோ என்ற பயம். கடைக்கார மாமி மட்டும் வந்தார். வேறு யாரையும் தொடவிடவில்லை. தானே குளிப்பாட்டி, தானே அந்தக் கதர்ச்சீலையை உடுத்தினார். "வெள்ளைச் சீலைதான் அவக்கு வடிவு" என்று சொல்லிவிட்டு விம்மினார்.

அப்பா போன வருடம் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை துடுப்புத் தோணிதான். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் போனபின் நானும் அம்மாவும் குசினியில் புளிக்குக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தோம். அம்மா பேசாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கொட்டையை எடுத்துக் காட்டி, "இது அப்பாவின்ர வாக்கு" என்றேன், சிரிக்கவைக்க.

அம்மா சிரிக்கவில்லை. "அது அவர் போட்டதில்ல புள்ள. நான் போட்டது."

"நீங்களா? ஏனம்மா?" என்றேன்.

"மாமி எல்லாரும் பாக்கக் கவுட்டு எண்ணுவா. அவரின்ர சிரட்டை வெறுஞ்சிரட்டையாக் கிடந்தா, அந்த மனிசனுக்கு என்ர வீட்டில ஒண்டுமேயில்ல எண்டு ஆகிப்போகுமே. அதுதான்."

"அப்பாவும் தனக்கே போட்டிருந்தா? வீடு போயிருக்குமே அம்மா!"

"ஓம், போயிருக்கும். உன்ர அக்கா எனக்குப் போடுவாள் எண்டு தெரியும். அவர் என்ன செய்வாரெண்டு எனக்குத் தெரியா. போட்டுட்டு வந்து நெஞ்சு இடிக்க இடிக்க நிண்டனான். மாமி கவுட்டா. ரெண்டு." அம்மா மூக்கை உறிஞ்சினார். "மனிசன் எனக்குத்தான் போட்டிரிக்கார்."

நான் நினைத்துப் பார்த்தேன். தன் கொட்டை எந்தச் சிரட்டையில் விழுந்தது என்று அப்பாவுக்குத் தெரியும். அக்கா பிள்ளையார் மேல் ஆணையிட்டபோது பக்கத்தில் இருந்து கேட்டவர். மிச்சம் யார் என்று அன்றைக்கே விளங்கியிருக்கும். அத்தனை வருடமும் நாங்கள் கேலி செய்யச் செய்ய, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அவர் சிரித்தது அம்மா தனக்குப் போட்ட அந்த ஒன்றுக்காகத்தான். அப்பாவை நினைத்து நான் அந்த ஒரு மாதத்தில் அழாத அழுகையெல்லாம் அப்போது அழுதேன்.

"ஏனம்மா இவ்வளவு காலமும் சொல்லல்ல? அவரை நாங்க எவ்வளவு பகிடி பண்ணினம்?"

"என்னெண்டு சொல்றது? இரகசிய வாக்கு எண்டெல்லா அந்த அம்மா சொன்னவ" என்று சொல்லிவிட்டு, அம்மா அடுத்த புளியை எடுத்தார்.